மடிப்புக்கு ஒரு கேள்வி

விடுதியின் சலவைக்கூடம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. மேலே அடுக்கடுக்காக இருந்த அறைகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் ஒரு சரிவுக் குழாய் வழியே வந்து கீழே குவியும். அவற்றைத் துவைத்து, பிழிந்து, சூடான இரண்டு உருளைகளுக்கிடையே ஓடவிடுவார்கள். மறுபக்கம் அவை ஆவி பறக்க வெளிவரும்போது, வாங்கி மடிப்பதற்கு இருவர் நிற்க வேண்டும். அகலமும் நீளமுமான அந்த விரிப்புகளைத் தனியொருவர் மடிக்க முயன்றால் ஒரு முனை தரையைத் தொட்டுவிடும். தொட்டது மீண்டும் துவைக்கத்தான் போகும்.

அப்படி நின்ற இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். பெரியவள் அண்ணனின் மனைவி. சின்னவள் தம்பியின் மனைவி. ஓரகத்திகள் ஒரே கூரையின்கீழ் இருப்பதே பெரும்பாடு. இவர்களோ வேலையிடத்திலும் ஒரே துணியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் மனக்கசப்பின்றி நின்றார்கள். "வீட்டுல இழுத்துக்க வேண்டியத அங்கேயே இழுத்துக்கறோம்" என்று பெரியவள் அதற்கு விளக்கம் சொல்வாள்.

அவர்கள் மடிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரியவள் எந்திரத்தின் பக்கம் நிற்பாள்; சின்னவள் எதிரே, அலமாரியின் பக்கம். விரிப்பை நீளவாக்கில் இருவரும் மடித்து, விறைப்பாக இழுத்து உதறுவார்கள். பிறகு பெரியவள் தன் முனைகளை ஏந்திக்கொண்டு நடந்து வந்து, சின்னவளின் கைகளில் அவற்றைச் சேர்ப்பாள். சேர்த்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைப் பற்றிக்கொண்டு நிமிர்வாள். நடப்பவள் பெரியவள், நின்று வாங்குபவள் சின்னவள் என்று யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. முதல் நாள் அப்படி நின்றார்கள், அதுவே வழக்கமாயிற்று.

பெரியவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. முதலில் மாடிப்படியில் மட்டும் வந்தது; பின்பு உருளையின் பக்கத்தில் நின்றாலே வரத் தொடங்கியது. தெருமுனை மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டு, ஆவியில் நிற்பதை விட்டாலன்றி அந்த மருந்து வெறுந்தண்ணீருக்குச் சமம் என்று சொல்லியனுப்பினார். சலவைக்கூடத்தின் ஆவியில்லாத வேலைகளில் காலியாகப் போவது ஒன்றே ஒன்றுதான். மேல்தளத்தில் விருந்தினர்களின் உடைகளை வாங்கிப் பதிந்துகொண்டு, துவைத்ததைத் திருப்பிக் கொடுக்கும் முகப்பு மேசை அது. அங்கிருந்த அம்மாள் மறு ஆண்டு தம் மகளோடு வாழப் போவதாக இருந்தார். கீழே வேலை செய்பவர்களில் ஒருவரையே அவருடைய இடத்துக்கு எடுக்கப்போவதாக, மேலாளராக இருந்த பெண்மணி அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை: வருகிறவர்களோடு தயங்காமல் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

இருவரும் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களே. தேர்வில் தேறுவதற்காகப் படித்த ஆங்கிலம் தேர்வு முடிந்த மறுநாளே விடைபெற்றுப் போய்விட்டது. துணிகளில் தைத்திருக்கும் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். வாய் திறந்து பேச வராது.

பெரியவள் அஞ்சி ஒடுங்குகிறவள் அல்லள். யாரோ ஓர் ஆசிரியர் நாள்தோறும் கைப்பேசிக்கு அனுப்பும் குரற்பாடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதில் சேர்ந்துகொண்டாள். காலையில் தண்ணீர் கொதிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். சில வாக்கியங்கள், அவற்றைச் சொல்லும் முறை, கடைசியில் ஒரு சிறு அறிவுரை, அவ்வளவுதான். நேற்று கேட்கத் தயங்கியதை இன்று கேளுங்கள் என்பார் அந்த ஆசிரியர். பேசி முடிக்கும்வரை கீழே பார்க்காதீர்கள் என்பார். அடுப்படியில் நின்றபடி பெரியவள் சுவரில் தொங்கும் கரண்டிகளை நிமிர்ந்து பார்த்துப் பேசிப் பழகினாள். சின்னவளுக்கு அந்நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை தலைக்குமேல் இருக்கும். அவள் பாடம் கேட்டதில்லை.

கேட்டதை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா? அதற்குப் பெரியவள் விரிப்பு மடிக்கும் நேரத்தைத் தேர்ந்துகொண்டாள்.

"நான் ஓட்டல்ல தங்கியிருக்கற ஆளு. நீ கவுண்டர்ல நிக்கறவ. நான்தானே நடந்து வர்றேன், அதனால கேள்வி என்னோடது. நீ நின்ன எடத்துலயே நின்னு பதில் சொல்லு" என்றாள்.

"மேல போகப்போறது நீங்கக்கா. எனக்கு எதுக்கு இது?"

"பின்ன செவுத்துக்கிட்டயா பேசச் சொல்ற? சும்மா துணைக்குச் சொல்லுடி."

இவ்வாறு அது தொடங்கிற்று. ஒரு மடிப்புக்கு ஒரு கேள்வி. பெரியவள் முனைகளை ஏந்தி நடந்து வரும்போது கேட்பாள். கைகள் சேரும்போது சின்னவள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அன்று காலைப் பாடத்திலிருந்து பெரியவளே பதிலையும் எடுத்துக் கொடுப்பாள். சின்னவள் அதை இரண்டு மூன்று மடிப்புக்குத் திருப்பிச் சொல்லிப் பதியவைத்துக்கொள்வாள். சட்டை எப்போது கிடைக்கும், இந்தக் கறை போகுமா, என் கோட்டு எங்கே என்று தொடங்கிய கேள்விகள் நாளடைவில் வளர்ந்தன. பெரியவளுக்கு நடிப்பு இயல்பாக வந்தது. ஒரு நாள் அவள் தன் கைக்குட்டையைக்கூடச் சந்தேகத்தோடு ஒப்படைக்கும் கஞ்சப் பெரிய மனிதர். இன்னொரு நாள், மாலைக்குள் உடை வேண்டுமென்று கண்கலங்கும் மணப்பெண். மற்றொரு நாள், சட்டையின் மடிப்பில் கோணல் கண்டுபிடிக்கும் ஓய்வுபெற்ற படைத்தலைவர். அந்தக் கஞ்சர் பேசும் தோரணை தன் கணவருடையது என்று சின்னவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பில் கை நழுவி விரிப்பு ஒன்று தரையைத் தொட்டு, மீண்டும் துவைக்கப் போயிற்று.

வீட்டில் ஆண்கள் இருவரும் கேலி செய்யாமல் இருப்பார்களா? அண்ணன் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தம்பிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால், "ரெண்டு தொரசாணி இருக்கற வீட்டுல உப்பு மட்டும் எப்படித் தமிழ்ல இருக்கும்?" என்பார். அண்ணிக்கு முன்னால் எழுந்து நின்று சலாம் போடுவார். பெரியவள் அதைக் கையசைத்து ஏற்றுக்கொள்வாள்.

கேலி ஒருநாள் வியப்பாக மாறிற்று. வாங்கிய வாரமே பழுதான மின்விசிறியைப் பெரியவள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். அந்தக் கடைக்காரர், திருப்பிக் கேட்க வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் பேசியே வாயடைத்து அனுப்புபவர். பெரியவள் அவரைவிட நல்ல ஆங்கிலத்தில், கண்ணை எடுக்காமல், கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார்:

"இவ கேட்ட கேள்வியில அந்தாளு புது ஃபேனும் குடுத்து, உக்கார நாற்காலியும் குடுத்தான். பக்கத்துலயே நின்ன எனக்கு ஒண்ணும் குடுக்கல."

சின்னவளிடமும் மாற்றம் வந்தது. அது இப்படிப் பளிச்சென்று வெளியே தெரியவில்லை. பிள்ளைகளின் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால் முன்பெல்லாம் கணவரிடம் நீட்டிவிடுவாள். இப்போது தானே பேசினாள். யார் எவ்வளவு கோபமாகக் கேட்டாலும் குரல் உயராமல், தடுமாறாமல் விடை சொல்லும் பொறுமை அவளுக்கு வந்திருந்தது. அந்தப் பொறுமை தன்னிடம் முன்பே இருந்ததா, படைத்தலைவரிடமும் மணப்பெண்ணிடமும் பதில் சொல்லிச் சொல்லி வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

ஒரு பிற்பகல் மடித்த துண்டுகளைக் கொண்டுபோய் வைப்பதற்காக அவள் மேல்தளத்துக்குச் சென்றாள். முகப்பு மேசையில் ஆள் இல்லை. அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே காற்று வந்து மேசைமேலிருந்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் மேசைக்கு உட்பக்கம் போய் நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எனினும் வாய்க்குள் விடைகள் வரிசையாக வந்து நின்றன. இங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலில் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் வெட்கப்பட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

அந்த வாரமே விருப்பமுள்ளவர்கள் பேட்டிக்குப் பெயர் கொடுக்கலாமென்று மேலாளர் சொல்லியனுப்பினார். பெரியவள் தன் பெயரோடு சின்னவளின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, தனியாகப் போக உடம்பு உதறுகிறது, நீ பக்கத்தில் நின்றால் தைரியமாக இருக்கும் என்றாள். சின்னவள் மறுக்கவில்லை. மறுப்பதற்குரிய ஒரு சொல்லை வாய் தேடிற்று. அது கிடைக்காததில் மனம் வருந்தவுமில்லை.

பேட்டிக்குச் சில நாள்களே இருந்தபோது எந்திரத்தின் கீழ்க்குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியவள் நிற்கும் பக்கமெல்லாம் தரை ஈரமாயிற்று. வழுக்கி விழுந்துவிடப்போகிறீர்கள் என்று சின்னவள் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆகவே அன்று நடந்தவள் சின்னவள். நின்று வாங்கியவள் பெரியவள். வேடிக்கையாகச் சின்னவள் கேள்வியும் கேட்டாள். என் சட்டை இன்னும் வரவில்லையே என்ற எளிய கேள்விதான். பெரியவள் முனைகளை வாங்கிக்கொண்டாள்; பதில் வரவில்லை. இன்னொரு கேள்வி கேட்டாள். பெரியவள் அதையே திருப்பிக் கேட்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். "எனக்கு அதிகாரம் பண்ணித்தான் பழக்கம்" என்றாள் பெரியவள். ஈரம் காய்ந்ததும் பழைய இடங்களுக்கு மாறிக்கொண்டார்கள்.

சிரித்து முடித்தபோதே சின்னவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை காலமும் ஓரகத்தி விருந்தாளியாகவே நின்றிருக்கிறாள். மேசைக்கு அப்பால் நிற்பவளின் பேச்செல்லாம் அவளுக்குத் தெரியும். மேசைக்கு இப்பால் நிற்பவளின் பேச்சு காதில் விழுந்திருக்கிறதேயன்றி நாவில் ஏறவில்லை. பாடத்தில் கேட்டதை எடுத்துக் கொடுப்பது வேறு. கேட்ட கணத்தில் தானே சொல்வது வேறு. இடம் மாறி நின்று சில நாள் பழகினால் போதும், வந்துவிடும். கெட்டிக்காரி அவள். இதை எடுத்துச் சொல்லச் சின்னவளுக்கு ஒரு மடிப்பின் நேரம் போதுமாயிருந்தது.

அவள் சொல்லவில்லை.

மறுநாள் பெரியவளே கேட்டாள். உருளையிலிருந்து முதல் விரிப்பை வாங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, "இன்னிக்கு நீ விருந்தாளியா இரேன். நான் அந்தப் பக்கம் நிக்கறேன்" என்றாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா. மூணு வண்டி கெடக்கு பாருங்க. மாத்தி நின்னா கை தடுமாறும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

அன்று விரிப்புகள் ஏற்றிய தள்ளுவண்டிகள் நிறைந்திருந்தது உண்மை. மாற்றி நின்றால் கை தடுமாறும் என்பதும் உண்மை. ஆனால் மறுநாள் விடுதியில் கூட்டம் குறைந்து வேலை அருகியிருந்தது. விரிப்புகளுக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் சின்னவள் அலமாரியின் பக்கமே போய் நின்றாள். பெரியவள் சற்றுநேரம் அவளைப் பார்த்தாள். பிறகு எந்திரத்தின் பக்கம் போனாள். மீண்டும் அவள் கேட்கவில்லை.

பேட்டி என்றால் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பார்கள் என்று இருவரும் எண்ணியிருந்தார்கள். மேலாளர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவராக முகப்பு மேசைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். தாமே விருந்தினராகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலில் நின்றவள் பெரியவள். சின்னவளும் வேறிருவரும் சுவரோரம் காத்திருந்தார்கள்.

நேற்றுக் கொடுத்த சட்டை இன்னும் அறைக்கு வரவில்லை, என்ன ஆயிற்று என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவள் ஆயிரம் முறை கேட்ட கேள்வி அது. மேலாளர் கேட்கக் கேட்க அவள் தலை அதற்கு இசைந்து அசைந்தது. உதடுகள்கூட ஓசையின்றி அந்தச் சொற்களை உடன் சொல்லின. கேள்வி முடிந்தது. பெரியவள் நிமிர்ந்த பார்வையோடு காத்திருந்தாள். தன்னுடைய முறை வந்துவிட்டது என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் முகம் வெளுத்தது. மேலாளர் பொறுமையாக வேறொரு கேள்வி கேட்டார். பெரியவள் வாயைத் திறந்தாள். "வேர் இஸ் மை..." என்று தொடங்கி, அதுவும் கேள்வியென்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவள் சுவரோரம் திரும்பி, சின்னவளைப் பார்த்தாள். உதவி கேட்கும் பார்வையாக அது இல்லை. கைகளில் முனைகளைச் சேர்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமான பார்வைதான். அந்தப் பதில் முழுவதும் சின்னவளின் நாக்கின்மேல் இருந்தது. சின்னவள் தரையைப் பார்த்தாள்.

அவளுடைய முறை வந்தபோது எல்லாம் எளிதாக நடந்தது. மேலாளர் கோபித்தார், அவள் பொறுமையாக விளக்கினாள். மேலாளர் அவசரப்படுத்தினார், அவள் நேரம் குறித்துக் கொடுத்தாள். இவ்வளவு நன்றாக எங்கே கற்றாய் என்று கடைசியில் மேலாளர் வியந்து கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சின்னவள் சுருக்கமாக, வீட்டில் என்று சொன்னாள்.

மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. வீட்டில் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி எழுந்து நின்று தம் மனைவிக்குச் சலாம் போட்டார். அன்று யாரும் சிரிக்காததைக் கண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் பெரியவளின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வேணாம்க்கா இந்த வேலை. நீங்க எடுத்துக்கங்க. நான் நாளைக்கு மேடத்துக்கிட்டச் சொல்லிடறேன்" என்றாள். கணவர் கேட்க, மைத்துனர் கேட்க, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

பெரியவள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள். "பைத்தியமாடி உனக்கு? கெடச்சத யாராவது விடுவாங்களா? எனக்கு அந்தப் பதிலெல்லாம் ஒத்து வராது. நீ போ" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அண்ணன் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து, "நல்லா இரும்மா" என்று சின்னவளிடம் சொன்னார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல் அன்று சின்னவளுக்கு இருந்தது. அந்த ஆறுதல் எத்துணை வசதியானது என்பது பின்னர்தான் தெரிந்தது.

அவள் மேலே போனாள். கீழே அலமாரியின் பக்கம் புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தினார்கள்; அவள் பேசாமல் மடிப்பவள். முகப்பு மேசையில் காற்று வந்தது. விருந்தினர்கள் வந்தார்கள், உண்மையான கஞ்சரும் வந்தார், உண்மையான மணப்பெண்ணும் வந்தாள். அவர்கள் என்ன கேட்டாலும் சின்னவளுக்கு அது பெரியவளின் குரலிலேயே காதில் விழுந்தது. இரண்டொரு முறை, இன்று இப்படி ஒருவர் வந்து இப்படிக் கேட்டார் என்று வீட்டில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

காலையில் அடுப்படி அமைதியாக இருந்தது. பாடம் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. கைப்பேசி ஒருமுறை ஒலித்து அடங்கும். பெரியவள் அதைத் திறப்பதில்லை. கரண்டிகளைப் பார்த்துப் பேசவும் இல்லை. தம்பி கேலியை விட்டுவிட்டார். மூச்சிரைப்பு மட்டும் வளர்ந்தது. குளிர்காலத்தில் பெரியவள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே உறங்கினாள். மேலாளரிடம் சின்னவள் இருமுறை போய், ஓரகத்திக்கு வேறு ஏதாவது இடம் தர முடியுமா என்று கேட்டாள். கிழிந்த துணி தைக்கும் அறையில் ஆள் நிறைவாக இருந்தது. காலியானால் பார்க்கலாம் என்று மேலாளர் அன்பாகவே சொன்னார்.

தெருமுனை மருத்துவர் இனித் தம்மால் ஆகாது என்று கூறி, நெஞ்சு நோய் பார்க்கும் பெரிய மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் வேற்று நாட்டிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்று தெரிந்தது. பெரியவள் சின்னவளிடம் வந்தாள். அந்தப் பேட்டிக்குப் பிறகு அவளாக வந்து ஒன்று கேட்டது அதுவே முதல்முறை.

"நாம கேக்கறதுன்னா நான் மட்டும் போதும். அங்க அவருல்ல கேப்பாரு. நீ வா."

சின்னவள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றாள். மருத்துவர் இளைத்த, சாந்தமான மனிதர். பெரியவளை முதுகிலும் மார்பிலும் சோதித்துவிட்டு, இருவருக்கும் எதிரே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு நாளாக இருக்கிறது? படுத்துத் தூங்க முடிகிறதா? சளியின் நிறம் என்ன? எந்த நேரத்தில் அதிகமாகிறது? சின்னவள் பெரியவளைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. குரல் உயராமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். முகப்பு மேசையில் நின்று சொல்வதைப் போலவே சொன்னாள்.

என்ன வேலை செய்கிறார் என்று மருத்துவர் கேட்டார். சலவைக்கூடத்தில், ஆவி வரும் எந்திரத்தின் பக்கம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையை அசைத்தார். உடனே அதை விட வேண்டும். முன்பே விட்டிருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார். பின்பு கடிந்துகொள்ளும் தொனி சிறிதும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவராக, அந்த இடத்தில் இவர் செய்யக்கூடிய வேறு வேலை எதுவும் இருக்கவில்லையா என்று கேட்டார்.

சின்னவள் வாயைத் திறந்தாள்.

சொல்லுக்கு அவளிடம் பஞ்சமில்லை. இருந்தது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார் என்பதையும் இன்னொரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அத்தனையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் அவளுக்கு வரும். மருத்துவர் காத்திருந்தார். எழுதுகோல் காகிதத்தின்மேல் நின்றிருந்தது. சின்னவளின் கைகள் மடியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

"நோ, டாக்டர்," என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கியதால் பெரியவள் சற்று நிறுத்திக்கொண்டாள். பிறகு அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடியே, "தேர் வாஸ் நோ அதர் ஜாப். ஐ ஆஸ்க்ட் எவ்ரிபடி," என்று சொல்லி முடித்தாள்.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் வெயில் இதமாக இருந்தது. பெரியவள் இருக்கையில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள். சின்னவள் மருந்துப் பையைப் பிடித்தபடி எதிரே நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க மாத்தி நிக்கலாமான்னு கேட்டீங்க..."

"கேட்டேன்."

"வண்டி நெறைய இருந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு அடுத்த நாள் இல்ல."

"இல்ல. ஒண்ணரை வண்டிதான் இருந்துச்சு" என்றாள் பெரியவள். "எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? உன் மூஞ்சியிலயே ஆசை தெரிஞ்சுது. துண்டு குடுக்க மேல போயிட்டு வந்தியே, அன்னிலேருந்து."

"அப்புறம் ஏன்க்கா மறுபடியும் கேக்கல?"

"எத்தன தடவ கேக்கறது? கஞ்சனுக்கும் படைத்தலைவருக்கும் வாய் இருந்துச்சு, கேட்டாங்க. நான் நானா நின்னு உன்கிட்டக் கேட்டது அந்த ஒரு தடவதான்." அவள் மருந்துப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்காக நான் உன்ன வாழ்த்திக்கிட்டு இருந்தேன்னு நெனைக்காத. மனசுக்குள்ள அப்படித் திட்டினேன். இங்கிலீஷ்லதான். அது நல்லா வருது எனக்கு."

சின்னவள் சிரிக்க முயன்றாள், முகம் ஒத்துழைக்கவில்லை. குனிந்து பெரியவளின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்துக்கு நீங்கள் வாருங்கள், நான் உடனிருந்து எல்லாப் பதிலையும் பழக்கிவிடுகிறேன் என்றாள். இம்முறை சுற்றிலும் அவர்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இத அன்னிக்குச் சாயந்தரம் தனியா வந்து சொல்லியிருந்தா, சரின்னு சொல்லியிருப்பேன்டி. அத்தன பேரு முன்னாடி சாப்பாட்டுத் தட்ட வெச்சுக்கிட்டுச் சொன்ன. அங்க எப்படி நான் சரிங்கறது?"

"இப்ப சொல்லுங்கக்கா."

"இப்ப ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு வாங்குது. கவுண்டர்ல வர்றவங்க அது வரைக்கும் நிப்பாங்களா? அந்த வேலை உன்னோடது. ஒழுங்காப் பாரு." பிறகு, யாரிடமோ பொதுவாகச் சொல்வதைப் போல, தான் இனிக் கீழே வேலைக்குப் போகப்போவதில்லையென்றும், தன் கணவரிடம் அதை இன்று தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

பேருந்து வந்தது. ஒரே ஓர் இருக்கை காலியாக இருந்தது. சின்னவள் அவளை அதில் உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடத்துனர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் முகத்தை ஜன்னலின் பக்கம் திருப்பிக்கொண்டாள், சின்னவள்தான் சொன்னாள்.